பூட்டிய வீட்டையும் கணக்கில் சேருங்கள்: செட்டிநாட்டில் களப்பணிக்குப் போகும் முதுகலை மாணவர்களுக்கு

நான் எம்.ஏ. சமூகவியல் படித்தபோது சொந்த ஊரிலேயே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதினேன். தெருவில் 52 கதவுகள். அதில் 31 பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த 21 வீடுகளில் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு, மற்றதற்கெல்லாம் எதிரே ‘பூட்டியிருந்தது, தகவல் இல்லை’ என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். என் கைடு அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்த வீட்டு வாசலெல்லாம் தினம் யாரும்மா கூட்டுறது?” என்று கேட்டார்.

அதில் நான்கு வாசலைக் கூட்டியது என் அம்மா. அந்த நான்கு வீட்டுச் சாவியும் எங்கள் வீட்டு நிலைக்கு மேலே ஆணியில்தான் தொங்கின. வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதும், மழை பெய்தால் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதும் அம்மா. அந்த வேலைக்கு என்ன கூலி, தீபாவளிக்கு என்ன துணி, செட்டியார் வீட்டார் சென்னையிலிருந்து எந்த மாதம் வருவார்கள் என்று எல்லாமே எனக்குத் தெரியும். ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை. அன்று வீட்டுக்குப் போய் அம்மாவை எதிரில் உட்காரவைத்து முதல் தடவையாக நோட்டில் எழுதினேன்.

22 வருடங்களாக மாணவர்களின் ப்ராஜக்ட்டுக்குக் கைடாக இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கார்த்திகை, மார்கழியில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் பிள்ளைகள் கேட்பதும் நான் சொல்வதும் ஒன்றுபோலவே இருப்பதால் இதை எழுதுகிறேன். புள்ளியியல் பாடம் இதில் இல்லை. அதற்குப் புத்தகங்கள் உண்டு. காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு தெருவுக்குள் நோட்டோடு நுழைகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இது.

தலைப்பு

‘செட்டிநாட்டின் பண்பாடு’ என்று எழுதிக்கொண்டு வராதீர்கள். அதை ஆறு மாதத்தில் யாராலும் செய்ய முடியாது. ஒரு தெரு, ஒரு ஊரணி, ஒரு தொழில், ஒரு கேள்வி போதும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறைகளில் கூலி எப்படிக் கணக்காகிறது? கொட்டான் என்கிற ஓலைக் கூடை முடையும் பெண்களின் பணம் யார் கையில் இருக்கிறது? ஊரணியில் தூர் எடுக்க இப்போது யார் முடிவு செய்கிறார்கள்? கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்குப் பிறகு தறிக்காரர் கையில் ஏதாவது கூடுதலாக வந்ததா? இப்படிக் கேட்டால் யாரிடம் போக வேண்டும் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செட்டிநாடு என்றதும் எல்லோரும் பெரிய வீட்டையே படம் எடுக்கிறார்கள். அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர், அதில் சமைத்தவர், அதைக் காவல் காத்தவர், பக்கத்துக் குடியிருப்பில் நூறுநாள் வேலைக்குப் போகிறவர், இவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் கொஞ்சம். முகப்பின் அழகை எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நீங்கள் பின்கட்டிலிருந்து ஆரம்பித்தால் எனக்கு மகிழ்ச்சி.

மாணவர் எழுதுவதற்கு என்ன மதிப்பு என்று தயங்குகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1918-ல் அது அச்சில் வந்தது. அந்த ஊர்களில் ஒன்று அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரம். நம் செட்டிநாட்டின் பெரும்பகுதியும் அப்போது அதே மாவட்டம்தான். 1930-களில் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய்க் கணக்கெடுத்தார்கள். அவற்றில் ஒன்றான இருவேல்பட்டுக்கு 1980-களிலும் 2008-லும்கூட ஆய்வாளர்கள் போனார்கள். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, கூலி எப்படி மாறியது என்று ஏறக்குறைய நூறு வருடக் கதையைச் சொல்ல முடிந்ததற்கு அடித்தளம் மாணவர்கள் நிரப்பிய அந்தத் தாள்கள்தான்.

கதவு, அடுப்பு, புள்ளி

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். மற்ற ஊர்களில் எளிதாக இருக்கும் ஒரு விஷயம் இங்கே சிக்கலாகும். ‘ஒரு குடும்பம்’ என்பது எது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுக்களையில் சாப்பிடுகிறவர்கள். நகரத்தார், அதாவது செட்டியார், வீட்டுக்குள் போனால் இது உடனே தடுக்கும். மகனுக்குக் கல்யாணமாகிவிட்டால் அந்தத் தம்பதி தனிப் புள்ளி. கோயிலுக்குப் புள்ளி வரி அவர்கள் பெயரில் தனியாக எழுதப்படும். ‘வேறு வைத்தல்’ என்று தனியாக அரிசி பருப்பு கொடுத்துத் தனி அடுப்பு வைத்துவிடுவது அவர்கள் வழக்கம். வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு. ஆக ஒரு கதவு, மூன்று அடுப்பு, ஏழு பங்காளிகள் என்று இருக்கலாம். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் சென்னையிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருக்கலாம். கதவு ஒன்று என்பதற்காக நீங்கள் ‘1’ என்று போட்டால் மொத்தக் கணக்கும் சாய்ந்துவிடும்.

அதனால் மூன்று எண் எழுதுங்கள். கதவு எண், அதற்குள் எரியும் அடுப்பு எத்தனை, அந்த வீட்டில் பங்கு உள்ள புள்ளி எத்தனை. உங்கள் கேள்வி செலவைப் பற்றியது என்றால் அடுப்புதான் அலகு. சொத்தைப் பற்றியது என்றால் புள்ளி. பராமரிப்பைப் பற்றியது என்றால் கதவு. எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுதுங்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

மாதிரி எடுப்பதற்கு ஊராட்சி அலுவலகத்து வீட்டு வரிப் பதிவேடு நல்ல தொடக்கம். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போய்க் கேளுங்கள். 240 கதவுகள் இருந்து உங்களால் 60 வீடு பார்க்க முடியும் என்றால் நான்குக்கு ஒன்று. 1, 2, 3, 4 என்று சீட்டெழுதிக் குலுக்கி வரும் எண்ணிலிருந்து தொடங்கி நான்கு நான்காகத் தாண்டுங்கள். குலுக்கியது 3 என்றால் 3, 7, 11, 15. அந்த வரிசையில் பூட்டிய வீடு வந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவக் கூடாது. தாவினால் திறந்த வீடுகள் மட்டுமே உங்கள் மாதிரியில் இருக்கும். அப்புறம் ‘இந்த ஊரில் முதியவர்களே அதிகம்’ என்று எழுதுவீர்கள். உங்கள் கணக்கில் அப்படித்தான் வரும்.

பூட்டுத் தாள்

பூட்டிய வீட்டுக்கென்று நான் தனியாக ஒரு பக்கத் தாள் வைத்திருக்கிறேன். எங்கள் மாணவர்கள் அதற்குப் பூட்டுத் தாள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மாவிடம் அன்று நான் கேட்ட கேள்விகள்தான் அதன் ஆதி.

சாவி யாரிடம் இருக்கிறது? எத்தனை வருடமாக? அதற்கு முன்னால் யாரிடம் இருந்தது? (பல இடங்களில் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்திருக்கும்.) பணமாக என்ன, அரிசியாக என்ன, துணியாக என்ன, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் உதவுவார்களா? போன வருடம் வீடு எத்தனை நாள் திறந்தது, எதற்காகத் திறந்தது? முன்னோருக்குப் படைப்பா, கல்யாணமா, அறுபதாம் கல்யாணச் சாந்தியா, சினிமாப் படப்பிடிப்பா? கரண்ட் பில்லை எந்தப் பங்காளி கட்டுகிறார்? ஓடு உடைந்தால் யாருக்குப் போன் போகும்? கடைசியாக, சாவி வைத்திருப்பவரிடமே கேட்பது: உங்கள் பிள்ளை இந்த வேலையைத் தொடருமா?

அந்தக் கடைசிக் கேள்விக்கு நீண்ட பதில் வரும். இடையில் பேசாதீர்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு மாணவி கேட்டபோது ஒரு பெரியவர், “செட்டியார் வந்தாக, போனாக, இந்தா இத்தனை வருசம் ஆச்சு. எம் புள்ள வெளிநாடு போயிட்டான். இனி இந்தச் சாவிய யாருகிட்ட குடுக்கச் சொல்றீக?” என்று கேட்டாராம். அவள் ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்கு அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்தாள். அந்த வருடம் எங்கள் துறையில் சிறந்த ஆய்வேட்டுப் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. சரியாகத்தான் கொடுத்தார்கள்.

யாரிடம், எப்போது, எப்படி

காலை பத்திலிருந்து பன்னிரண்டு, மாலை நாலரைக்கு மேல். மதியம் யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். நூறுநாள் வேலைக்குப் போகிறவர்களை வேலை இடத்தில் போய்ப் பிடிக்கக் கூடாது. திரும்பி வந்து கைகால் கழுவிய பிறகு போங்கள். வெளியூரில் இருக்கும் நகரத்தார் குடும்பங்களைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளையார் நோன்பு, மாசி சிவராத்திரி, தை மாதக் கல்யாணங்கள். பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும் நாட்களில் ஊரில் கூட்டம் இருக்கும், ஆனால் உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இருக்காது.

ஆச்சி, ஐயா, அண்ணே, அக்கா என்று கூப்பிடுங்கள். ‘மேடம்’ என்றால் உங்களைக் கடன் கம்பெனி ஆள் என்று நினைப்பார்கள். இதைப் பல மாணவர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். வந்த காரியத்தைத் திண்ணையிலேயே சொல்லிவிடுங்கள்: யார், எந்தக் கல்லூரி, எதற்கு, எத்தனை நேரம், பெயர் வெளியே வராது, பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம். இதைத் தமிழில் எட்டு வரியாக எழுதி வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். வாயால் சரி என்று சொன்னதைத் தேதியோடு நீங்கள் குறித்துக்கொண்டால் போதும். செல்போனில் பதிவு செய்வதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

‘நீங்கள் வேலை செய்கிறீர்களா?’ என்று ஒரு பெண்ணிடம் கேட்டால் “இல்லத்தா, வீட்டுலதான் இருக்கேன்” என்பார். கையில் ஓலை ஓடிக்கொண்டே இருக்கும். மடியில் பாதி முடைந்த கொட்டான் இருக்கும். அதனால் வேலையைப் பற்றிக் கேட்காமல் நாளைப் பற்றிக் கேளுங்கள். “நேத்து எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க? அப்புறம்? அப்புறம்?” தேசிய அளவில் 2019-ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலும் முதல்நாள் விடியற்காலை நாலு மணியிலிருந்து அன்று விடியற்காலை நாலு மணிவரை என்றுதான் கேட்டார்கள். நீங்களும் அந்த அளவையே வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாத வருமானத்தையும் நேராகக் கேட்காதீர்கள். கல் பட்டறையில் ‘நாள் கூலியா, கல் கணக்கா? மழைக்காலத்தில் காயாத நாளுக்கு என்ன?’ என்று கேளுங்கள். வெயிலை நம்பிய தொழிலில் ஐப்பசியும் சித்திரையும் ஒன்றல்ல. ஆகவே பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.

எழுதியதை அன்று இரவே செம்மை செய்துவிட வேண்டும். மறுநாள் வைத்தால் முகம் மறந்துவிடும், சொன்ன சொல்லும் போய்விடும். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் மைசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்த களக்குறிப்புகளைப் பல வருடம் உழைத்துத் தொகுத்து வைத்திருந்தார். 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் அவை எரிந்துபோயின. அவர் நினைவிலிருந்தே அந்த ஊரைப் பற்றி எழுதினார். நமக்கு அந்த நினைவாற்றல் இருக்காது.

பழைய காகிதம்

சிலர் மனமிரங்கிப் பெட்டியைத் திறப்பார்கள். பேரேடு, ஐந்தொகை, இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம், மொய்க் கணக்கு, ரங்கூனிலிருந்து வந்த கடிதம் என்று என்ன வேண்டுமானாலும் இருக்கும். தமிழ் எண்களும் பின்னங்களும் தெரியாமல் அவற்றைத் தொடாதீர்கள். மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. ஒரு வாரம் பழகினால் வந்துவிடும். செட்டியார்கள் வெளிநாட்டில் நடத்திய வட்டிக் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கு உண்டு. கடிதத்தை எழுதியவர் அதில் எந்தப் படியில் நின்றார் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

இதில் பெரிய எண்கள் ஏற்கெனவே தெரிந்தவை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். விலை சரிந்து கடன் திரும்பாததால் நிலமே கைக்கு வந்து, 1938-ல் அது 25 சதவீதம் ஆனது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து நடந்தே கிளம்பினார்கள். 1930-லிருந்து 1942 வரையான அந்தப் பன்னிரண்டு வருடத்தில் இங்கே வளவில் இருந்த ஆச்சி வீட்டுச் செலவை எப்படி ஓட்டினார், ரங்கூன் கடையில் வேலைபார்த்த பெட்டியடிப் பையனின் குடும்பம் என்ன ஆனது என்பதற்கு ஒரு மொய் நோட்டும் ஒரு கடிதமும் சாட்சியாகக் கிடைத்தால் உங்கள் ஆய்வேடு எந்தப் பல்கலைக்கழகத்திலும் நிற்கும்.

காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கேயே படம் எடுங்கள், எடுத்த வரிசையிலேயே திரும்ப வையுங்கள். வெளியில் கிடைக்கும் அச்சு நூல்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அது சென்னையில் இருந்தாலும் நம் கோட்டையூரில் ஒரு மனிதர் வீட்டில் சேர்த்துவைத்த புத்தகங்கள்தான் அதன் தொடக்கம். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே வைத்தது. ஒரு முறையாவது போய்ப் பார்த்து வாருங்கள்.

பெயரை மறைப்பது

இங்கே ஆளின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. விலாசம் என்கிற, குடும்பத்தைக் குறிக்கும் அந்த மூன்று நான்கு முதலெழுத்து வந்துவிட்டால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். விலாசம், தெருப் பெயர், முகப்பின் படம் மூன்றும் ஒன்றாக வரக் கூடாது. எந்த அறையில் என்ன சாமான் இருக்கிறது, வீடு எத்தனை மாதம் ஆளில்லாமல் இருக்கும் என்பதை எண்ணாக மட்டும் கூட்டிக் கொடுங்கள், வீடு வாரியாக அச்சிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான்களுக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பூட்டுத் தாள்களை நான் பிற்சேர்க்கையில் சேர்க்க விடுவதே இல்லை. வெற்றுப் படிவம் மட்டும் போகும்.

துறையிலும் ஊரிலும் சொல்வது

துறை ஆய்வு நாளில் உங்களுக்குக் கிடைப்பது பன்னிரண்டு நிமிடம். ஏழாவது நிமிடத்தில்கூட முன்னுரையைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். ஒரு கேள்வி, ஒரு அட்டவணை, ஒருவருடைய வாய்மொழி, அதிலிருந்து நீங்கள் கண்டது. அவ்வளவுக்குத்தான் இடம். சுவரொட்டியில் எழுத்து பத்தடி தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும். பிறர் வரிகளை எடுத்தால் யாருடையது என்று சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி பத்து சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தாலே சிக்கல்தான். நிகழ்ச்சிக்குத் தேதி குறிக்கும்போது முகூர்த்த நாளா என்று பார்த்துவிடுங்கள். இந்தப் பக்கம் முகூர்த்த நாளில் அரங்கமும் கிடைக்காது, ஆளும் வராது.

அதற்குப் பிறகு ஊருக்குப் போக வேண்டும். இதை நான் விருப்பத்துக்கு விடுவதில்லை. என்னிடம் ஆய்வு செய்கிறவர் ஊரில் சொல்லியே ஆக வேண்டும். ஆய்வேட்டைச் சித்திரையில் கொடுத்துவிடுவீர்கள், மே 1 கிராம சபை. ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிப் பத்து நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அது தவறினால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று இருக்கிறது. நான்கு பக்கத்துக்குத் தமிழில் சுருக்கம் எழுதி நகல் எடுத்துக்கொண்டு போங்கள். படம் காட்டும் கருவி வேண்டாம், வெயிலில் தெரியாது. சார்ட் அட்டையில் பெரிதாக எழுதுங்கள். உங்களோடு பேசியவர்களை நேரில் போய் அழையுங்கள். டீயும் வெள்ளைப் பணியாரமும் உங்கள் செலவு.

அங்கே திருத்தம் வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊரணி பற்றிச் சொன்ன ஒரு மாணவனை நிறுத்தி, பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, “அது தப்புத்தா. மடைய அடைச்சது ரோடு போட்டப்ப இல்ல, அதுக்கு முந்துன வருசமே அடைச்சாச்சு. எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுல்ல” என்றார். அவன் எங்கும் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டான். அவன் ஆய்வேட்டிலேயே அதுதான் எனக்குப் பிடித்த பக்கம்.

அப்படி வரும் திருத்தங்களைத் தேதியோடு ஒரு தாளில் தட்டச்சு செய்து மூன்று பிரதி எடுங்கள். ஒன்று துறை நூலகத்தில் இருக்கும் ஆய்வேட்டின் பின்னட்டைக்குள் ஒட்ட, ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு, ஒன்று திருத்தியவர் கையில். கூடவே வெற்றுக் கேள்வித்தாள், வெற்றுப் பூட்டுத் தாள், நீங்கள் குலுக்கி எடுத்த அந்த எண், கதவு எண்களின் வரிசை நான்கையும் ஒரு உறையில் போட்டு நூலகரிடம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். இருபது வருடம் கழித்து ஒரு பிள்ளை அதே தெருவுக்குப் போகும்போது மூன்றாவது கதவிலிருந்து தொடங்க வேண்டும் என்று அதற்குத் தெரிய வேண்டும்.